பள்ளத்தூர் வீட்டுக்கு எந்த வண்டி வாங்குறது? அப்பச்சிக்கு செடான், தம்பிக்கு எஸ்யூவி, எனக்கு அப்பத்தா முழங்கால்தான் கவலை

பள்ளத்தூர் மேலவீடு (கேள்வி):

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு மாசமா எங்க வீட்டுல இதே பேச்சுதான், ஒரு முடிவுக்கு வர முடியல, அதான் இங்க கேக்குறேன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நான் சென்னையில வேலை பாக்குறேன். அப்பச்சி (எங்க அப்பா), ஆத்தா (அம்மா), அப்பத்தா மூணு பேரும் பள்ளத்தூர்ல. அப்பத்தாவுக்கு 84 வயசு, ரெண்டு முழங்காலும் சரியா மடங்காது, ஆனா கோயில், கல்யாணம்னா எல்லாருக்கும் முன்னாடி கெளம்பி முகப்புல வந்து உக்காந்துரும். இப்ப இருக்கிறது 2011 மாடல் சின்ன கார். போன மாசம் பிள்ளையார்பட்டி போயிட்டு வந்து எறங்குறப்ப சீட்ட விட்டு எந்திரிக்க முடியாம நாங்க ரெண்டு பேரு கையப் புடிச்சு இழுத்தோம், ஒரு வாரம் தோள்பட்டை வலின்னு படுத்துக்கிச்சு. அன்னைக்கே மனசுல வச்சுட்டேன் இந்த வண்டிய மாத்திரணும்னு.

ஓட்டம்னு பாத்தா தினம் காரைக்குடி போயிட்டு வர்றது, மாசம் ஒருதடவை மதுரைக்கு கண் டாக்டர்ட்ட, வருசத்துல நாலஞ்சு தடவை ஏழு எட்டு பேரா விசேஷத்துக்கு. நடுவுல அவங்க சென்னைக்கு வந்துட்டா வண்டி ஒரு மாசம் ஒன்றரை மாசம் கொட்டகைலயே நிக்கும். பட்ஜெட் எல்லாம் சேத்து 15 லட்சம்.

இதுல ஒரு சிக்கல். எங்க கார் கொட்டகை ஐயா (தாத்தா) காலத்துல கட்டுனது, அப்ப மோரிஸ் வண்டி, அப்புறம் அப்பச்சி 2009 வரைக்கும் வச்சிருந்த அம்பாசிடர். வாசல்ல ரெண்டு பக்கமும் கல் தூண், நடுவுல 6 அடி 4 அங்குலம், அதாவது 193 சென்டிமீட்டர். நீளம் 16 அடி. உள்ள போயிட்டா 9 அடி அகலம் இருக்கு, வாசல்தான் குறுகல். தூண இடிக்க யாருக்கும் மனசில்ல, எனக்கும்தான்.

அப்பச்சி செடான்தான், அதாவது பின்னாடி தனியா டிக்கி நீட்டிக்கிட்டு இருக்கிற வண்டிதான் கார்ங்குறாக. தம்பி எஸ்யூவி, மேல சன்ரூஃப் வேணும்னு நிக்கிறான். என் வீட்டுக்காரி ஆட்டோமேட்டிக்கும் ஆறு ஏர்பேக்கும் இருக்கணும்னு சொல்லிட்டா. நீங்க என்ன சொல்றீக?

தேவகோட்டை செடான்:

அப்பச்சி சொல்றதுதான் சரி. நான் எட்டு வருசமா செடான் ஓட்டுறேன், மாசம் ரெண்டு தடவை திருச்சி. எஸ்யூவி எஸ்யூவிங்குறாங்களே, பாதி வண்டி ஹேட்ச்பேக்க ஒசத்தி வச்சு வீலு பெருசாப் போட்டதுதான், அடில இருக்கிற பிளாட்ஃபாரம் அதேதான். செடான் தரையோட ஒட்டி ஓடும். வளைவுல சாயாது. திருமயம் தாண்டி ரோட்டுல திடீர்னு ஆடு குறுக்க வந்தா பிரேக்க அழுத்தி ஒடிக்கிறப்ப அந்த வித்தியாசம் கையில தெரியும்.

டிக்கியும் அப்படித்தான். ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ்ல 521 லிட்டர், ஹோண்டா சிட்டில 506. சீர் சாமான், தூக்குச் சட்டி, ரெண்டு பெட்டி எல்லாம் போட்டு மூடிட்டா உள்ள உக்காந்திருக்கவங்க மடில ஒரு பையும் இருக்காது. சாம்பார் வாளி கொட்டுனாக்கூட வாசம் உள்ள வராது. பாதுகாப்பு வேணும்னா வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா ரெண்டும் 2023ல குளோபல் என்கேப்ல, அதான் வண்டிய மோத விட்டுப் பாத்து ஸ்டார் குடுக்கிற அமைப்புல, 5 ஸ்டார் வாங்குன வண்டி. அகலம் 175 சென்டிமீட்டர், உங்க கொட்டகைக்கும் தாராளமாப் போகும்.

ஒன்னு மட்டும் ஒத்துக்குறேன். அஞ்சு பேர் உக்காந்து டிக்கி நெறைய சாமானும் ஏத்திட்டா பின்பக்கம் எறங்கிரும், நம்ம கிராமத்து வேகத்தடைல அடி தட்டும். நான் குறுக்குவாட்டுல ஏத்தித்தான் எறக்குவேன். பழகிருச்சு.

கண்டனூர் டிராவல்ஸ்:

தம்பி, நான் இந்தப் பக்கம் 25 வருசமா வண்டி ஓட்டுறேன். அம்பாசிடர், குவாலிஸ், பழைய இன்னோவா, இப்ப இன்னோவா கிரிஸ்டா. தேவகோட்டை தம்பி சொல்றது ஓட்டுறவன் பார்வை, தப்பில்ல. ஆனா உங்க வீட்டுல வண்டிய எடுக்கிறதே அப்பத்தாவுக்காகன்னு நீங்களே எழுதிருக்கீக, அப்ப ஏறி எறங்குறவங்க பக்கமிருந்துதான் பாக்கணும்.

இடுப்பு ஒசரம், அதுதான் எல்லாமே. பெரியவங்க வண்டி பக்கத்துல நிக்கிறப்ப அவங்க இடுப்புக்குக் கொஞ்சம் கீழ சீட் விளிம்பு இருக்கணும். அதவிடத் தாழ்ந்தா ஒக்காரும்போது தொபுக்குன்னு விழுவாங்க, எந்திரிக்க முடியாது, உங்க அப்பத்தாவுக்கு நடந்தது அதுதான். செடான்ல அப்பத்தா அதே மாதிரிதான் உக்காரும், காரு விலை மட்டும்தான் கூட. ரொம்ப ஒசந்தாலும் ஆகாது. பெரிய எஸ்யூவில படி போட்டிருப்பாங்க, மடங்காத காலத் தூக்கி படில வைக்கணும், அதுவும் எட்டு கெஜம் சேலையோட, கொசுவம் காலுக்குள்ள மாட்டும். போன வருசம் இளையாத்தங்குடிக்கு ஒரு சாந்தி விசேஷத்துக்கு ஒரு பெரிய வண்டில வந்த ஆச்சி எறங்க முடியாம பக்கத்து வீட்டுலேர்ந்து முக்காலி வாங்கிட்டு வந்து போட்டோம், அத என் கண்ணால பாத்தேன். அவங்க முகத்துல இருந்த கூச்சத்த நான் மறக்கல.

அதனால கடைக்கு டேப்போட போங்க. வீட்டுல அப்பத்தா எந்த ஆசனத்துலேர்ந்து யாரு கையும் புடிக்காம எந்திரிக்குதோ அதோட ஒசரத்த முதல்ல அளங்க, பெஞ்சோ கட்டிலோ எதுவோ. அதே ஒசரம், ஒரு ரெண்டு அங்குலம் கூட இருந்தாலும் சரி, வண்டி சீட் வெளிவிளிம்புல இருக்கணும். சீட்டோட நடுவுல அளக்காதீக, நடு பள்ளமா இருக்கும், விளிம்புதான் கணக்கு. அப்புறம் கதவு எவ்வளவு அகலமா தொறக்குதுன்னு பாருங்க, உள்ள புடிச்சுக்க மேல கைப்பிடி இருக்கான்னு பாருங்க, முன்சீட்ல பல வண்டில டிரைவர் பக்கம் மட்டும் இல்லாம விட்டிருப்பாங்க, பயணி பக்கம் கட்டாயம் வேணும்.

ஏத்துற முறையும் இருக்கு. காலை முதல்ல உள்ள வைக்கச் சொல்லாதீக. முதுகக் காட்டி நிக்கச் சொல்லி, சீட் விளிம்புல உக்கார வச்சு, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும். சீட்டுல ஒரு பழைய பட்டுத் துணிய மடிச்சுப் போட்டுருங்க, வழுக்கிக்கிட்டு தானாத் திரும்பும். திரும்புனதும் துணிய உருவிருங்க, இல்லாட்டி பிரேக் போட்டா ஆள் முன்னாடி நழுவும்.

எந்த வண்டின்னு கேட்டா என் கையில இருந்தா கிரிஸ்டாதான், கீழ தனி சேஸ் (இரும்புச் சட்டம்), பின் வீல் ஓட்டம், லட்சக்கணக்குல கிலோமீட்டர் ஓடும். தைப்பூசத்துக்கு பழனி நடைக்கு சாமான் ஏத்திக்கிட்டு சிங்கம்புணரி, நத்தம் வழியா முதல் கியர்லயே ஊர்ந்து போவேன், ஒரு நாளும் நிக்கல. 15 லட்சத்துக்கு நல்ல பழைய வண்டி பாக்கலாம். ஆனா அகலம் 183 சென்டிமீட்டர். உங்க வாசல்ல ரெண்டு பக்கமும் ரெண்டு அங்குலம்தான் மிஞ்சும், கண்ணாடிய மடக்குனாக்கூட அப்பச்சி தினம் அப்படி விடுறது கஷ்டம். அதனால மாருதி எர்டிகாவப் பாருங்க, மூணு வரிசை, ஏழு சீட், அகலம் 173.5 சென்டிமீட்டர், ரெண்டு பக்கமும் நாலு அங்குலம்கிட்ட வரும். 2022லேர்ந்து 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் குடுக்கிறாங்க.

ஒரு குறை, மூணு வரிசையும் போட்டா டிக்கி 209 லிட்டர்தான், ஏழு பேரும் சாமானும் சேந்து போகாது. மேல கேரியர் போடணும், இல்ல சாமான முன்னாடியே பஸ்ல அனுப்பணும்.

காரைக்குடி மருமக:

கண்டனூர் அண்ணன் சொன்ன முதுகு காட்டி உக்காரற முறைய எங்க மாமியார்ட்ட இன்னைக்கே செஞ்சு பாத்தேன், நல்லா இருக்கு, நன்றிண்ணே.

நான் தினமும் ஓட்டுறவ, அதனால மூணு விஷயம் சொல்லணும். சன்ரூஃப் வேண்டாம், தம்பிட்ட சொல்லிருங்க. எங்க வண்டில இருக்கு. ஏப்ரல் மே மாசம் காரைக்குடி வெயில்ல அந்தத் திரைய மூடியே வச்சாலும் தலை உச்சி சுடுது. அதோட கூரை ஓரத்துல தண்ணி வடிய நாலு மூலைலயும் சின்னக் குழாய் இருக்கும், நம்ம செம்மண் தூசி அதுல போயி அடைச்சுக்கிச்சு, போன ஐப்பசி மழையில தண்ணி உள்ளாற எறங்கி முன் கம்பளம் நனஞ்சு நாறிப் போச்சு. சர்வீஸ்ல முதல்ல ஏசி தண்ணின்னுட்டாங்க, மூணாவது தடவைதான் குழாயப் பாத்தாங்க.

ரெண்டாவது, ஏசிக்கு திருகு இருக்கிற வண்டியாப் பாருங்க. எல்லாத்தையும் தொடுதிரைக்குள்ள போட்டுட்டாங்க, மேடு பள்ளத்துல விரல் ஒரு இடம் போகும், கண்ணு ரோட்ட விட்டுப் போகும். உங்க அப்பச்சி 70 கிட்ட இருப்பாக, அவுகளுக்கு அது சரிவராது.

மூணாவதுதான் முக்கியம். எர்டிகாவப் பத்தி அண்ணன் சொல்றாக, ஆனா 2019ல குளோபல் என்கேப்ல அதுக்கு 3 ஸ்டார், 2024ல தென்னாப்பிரிக்காவுக்குப் போற வண்டிய மோதிப் பாத்தப்ப 1 ஸ்டார். அது ரெண்டு ஏர்பேக் வண்டி, இப்ப நம்ம ஊருல ஆறும் குடுக்கிறாங்க, சரி, ஆனாலும் கேட்டுட்டு வாங்குங்க. கியா கேரன்ஸும் பாருங்க, அதுவும் மூணு வரிசை வண்டிதான், ஆரம்பத்துலேர்ந்தே ஆறு ஏர்பேக், 2022ல 3 ஸ்டார். அதுல ரெண்டாம் வரிசை சீட் ஒரு பட்டன அழுத்துனா கவுந்து வழி விடும். எந்த வண்டி எடுத்தாலும் பின்சீட்ல அப்பத்தாவுக்கு பெல்ட் போடுங்க. 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி எறந்தது எவ்வளவு பெரிய வண்டில, பின்சீட்ல பெல்ட் போடாமதான். நம்ம ஊருல பின்னாடி உக்காந்தா பெல்ட் எதுக்குங்குறாங்க, அதக் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்குது.

சிக்ரி ரோடு:

எலக்ட்ரிக் பத்தி யாருமே பேசல, ஆச்சரியமா இருக்கு. காரைக்குடி 1953லேர்ந்து சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிற ஊரு, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நம்ம ஊருலயே நடக்குது, நாம இன்னும் பெட்ரோலா டீசலான்னு பேசிட்டு இருக்கோம்.

எங்கிட்ட டாடா டியாகோ ஈவி, 24 கிலோவாட்-அவர் பேட்டரி. வீட்டு 15 ஆம்ப் பிளக்ல ராத்திரி போட்டா எட்டு ஒம்பது மணி நேரத்துல ஏறிடும். பள்ளத்தூர் டூ காரைக்குடி தினம் போக இதவிட சுகமான வண்டி இல்ல, கிளட்ச் இல்ல, சத்தமில்ல, காலைல முன்னாடியே ஏசிய ஓட விட்டு வண்டியக் குளுத்து வச்சுட்டு பெரியவங்கள ஏத்தலாம்.

ஆனா நேர்மையா சொல்லணும், ஏசியோட உண்மையான ஓட்டம் 180லேர்ந்து 200 கிலோமீட்டர். மதுரை போயிட்டுத் திரும்ப நடுவுல சார்ஜ் போட்டாகணும், அந்த முக்கால் மணி நேரம் அப்பத்தாவ எங்க உக்கார வைப்பீங்கன்னு யோசிங்க. அதோட பழைய வளவு வீட்டு வயரிங்க நம்பி சார்ஜர் மாட்டாதீங்க. எங்க வீட்டுல எர்த் சரியில்லன்னு சார்ஜே ஏறல, கொட்டகைக்குன்னு தனியா எர்த் குழி தோண்டி புது லைன் இழுத்த பெறகுதான் ஏறுச்சு. மாசக்கணக்குல நிறுத்துனா பேட்டரிய பாதில வச்சுட்டுப் போகணும், முழுசா ஏத்தி வைக்கக் கூடாது.

உங்களுக்கு ஏழு பேர் கணக்கு இருக்கிறதால இது ரெண்டாவது வண்டியாத்தான் பொருந்தும். ஒரே வண்டின்னா நான் வற்புறுத்த மாட்டேன்.

புதுவயல் பட்டறை:

தம்பி, யாராவது டீசல் எடுக்கச் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி நான் சொல்லிர்றேன். உங்க ஓட்டத்துக்கு டீசல் வேண்டாம். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுலேர்ந்து டீசல் கார்ல சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. புகைக்கரி அதுல சேரும், சேந்தது தானா எரியணும்னா வண்டி நல்ல சூட்டுல ஒரே சீரா இருபது நிமிசமாவது ஹைவேஸ்ல ஓடணும். நீங்க பள்ளத்தூர்ல எடுத்து காரைக்குடி கடைத்தெருவுல நிறுத்தி மறுபடி எடுத்தா எரியறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிருவீங்க. பாதில நின்னா டீசல் எஞ்சின் ஆயில்ல கலந்து ஆயில் நீத்துப் போகும். என் பட்டறைக்கு வாரம் ஒரு வண்டியாவது அந்த மஞ்ச லைட்டோட வருது, எல்லாம் ஊருக்குள்ளயே சுத்துற வண்டி.

நிறுத்தி வைக்கிறது பத்தியும் சொல்றேன், நம்ம பக்கம் பூட்டிக் கெடக்குற வீடு ஜாஸ்தி, அதனால இது தெரிஞ்சிருக்கணும். பேட்டரி நெகட்டிவக் கழட்டிருங்க. காத்து நாலு பவுண்டு கூட அடிச்சு வைங்க. கைபிரேக் போட்டுட்டுப் போனா பின் டிரம் ஒட்டிக்கும், கட்டை வச்சு நிறுத்துங்க. எலிதான் பெரிய எதிரி, கொட்டகைல நெல்லு மூட்டை, பழந்துணி எதுவும் இருக்கக் கூடாது. வாரம் ஒருக்க யாரையாவது எடுத்து கோட்டையூர் வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொன்னா இதுல பாதி வேலை மிச்சம்.

அம்பாசிடர் பேர எடுத்தீங்க, அதனால ஒன்னு. 1958லேர்ந்து 2014 வரைக்கும் அந்த வண்டி ஓடுனதுக்குக் காரணம் பழக்கம்னு மட்டும் சொல்லுவாங்க. அதோட பின்சீட்ட நான் எத்தனையோ தடவை கழட்டி தச்சிருக்கேன், திண்ணை மாதிரி ஒசரம், கதவு நேராத் தொறக்கும், கூரை உள்பக்கம் ஒசந்து இருக்கும். குனியாம ஏறலாம். கண்டனூர் அண்ணன் சொல்ற இடுப்பு ஒசரம் அதுலதான் சரியா இருந்துச்சு. அகலம் 168 சென்டிமீட்டர் கூட இல்ல, உங்க ஐயா அந்தக் காலத்து வண்டிக்குத் தகுந்தாப்புலதான் தூண் வச்சிருக்காரு.

தேவகோட்டை செடான்:

கண்டனூர் அண்ணே, நீங்க சொன்ன பிறகு எங்க அம்மாவ உக்கார வச்சு அளந்தேன். எங்க வண்டி சீட் விளிம்பு 19 அங்குலம், அம்மா எந்திரிக்கிற நாற்காலியே 18தான், அதனால எங்க வீட்டுல இதுவரைக்கும் பிரச்சினை தெரியல. ஓட்டுறதுக்கு செடான்தான்னு இன்னும் சொல்லுவேன், ஆனா 84 வயசுக்கு நான் வாதாட மாட்டேன்.

பள்ளத்தூர் மேலவீடு:

எல்லாருக்கும் நன்றி. சனி ஞாயிறு ஊருக்குப் போயி டேப்போட அலைஞ்சேன். அப்பத்தா யாரு உதவியும் இல்லாம எந்திரிக்கிறது பட்டாலைல கெடக்குற மரப் பெஞ்சுலேர்ந்து, 22 அங்குலம். அப்பத்தாவையும் கூட்டிக்கிட்டு காரைக்குடில மூணு கடை ஏறி எறங்குனோம். செடான்ல போன தடவை மாதிரியேதான் ஆச்சு, அப்பச்சியே கையக் குடுத்து தூக்கிவிட்டாக, அதுக்கப்புறம் செடான் பேச்சே எடுக்கல. தம்பி ஆசப்பட்ட எஸ்யூவில கால் ஏறல. எர்டிகாவுலயும் கேரன்ஸ்லயும் முதுகக் காட்டி உக்காந்து பட்டுத் துணில திரும்பிருச்சு, ரெண்டுலயும் தானா எறங்குச்சு. கேரன்ஸ் சீட் இன்னும் மெத்துனு இருக்குன்னு அப்பத்தா சொல்லுச்சு. ஸ்டார் கணக்கப் பாத்தாலும் எனக்கு அதுதான் கொஞ்சம் தைரியமா இருக்கு. அகலம் 180, வாசல்ல மொத்தமா 13 சென்டிமீட்டர் மிஞ்சும், பாத்துப் பாத்து விட்டுக்கலாம்னு இருக்கேன்.

புதுவயல் பட்டறை:

அட்வான்ஸ் குடுத்துறாதீங்க தம்பி. கொட்டகைக் கதவு வெளிய தொறக்குதா உள்ள தொறக்குதா? உள்ள தொறந்து நேரா நிக்குதுன்னா ரெண்டு கதவோட தடிமனையும் கழிச்சுத்தான் அளக்கணும்.

பள்ளத்தூர் மேலவீடு:

அண்ணே, நல்லவேளை கேட்டீக. அப்பச்சிட்ட போன் போட்டு அளக்கச் சொன்னேன். தேக்குக் கதவு, உள்ளதான் தொறக்குது, ஒவ்வொன்னும் ஒன்றரை அங்குலம். ரெண்டு பக்கமும் மரப்பெட்டி அடுக்கி இருக்கிறதால கதவு செவத்தோட ஒட்டாது, நேரா நிக்குது. அப்ப 73 அங்குலம்தான், 185 சென்டிமீட்டர். கேரன்ஸுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம், அது ஆகாது.

கண்டனூர் டிராவல்ஸ்:

பெட்டிய நகட்டிட்டா கதவு முழுசா மடங்குமே தம்பி?

பள்ளத்தூர் மேலவீடு:

அது அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த சாமான்ண்ணே, அதுமேல யாரும் கைய வைக்கிறதில்ல. எர்டிகான்னா பக்கத்துக்கு ரெண்டே கால் அங்குலம் கிட்ட கெடைக்குது. ஸ்டார் விஷயத்துல மனசு இன்னும் முழுசா ஒப்பல, ஆறு ஏர்பேக் வண்டியா, பெல்ட் எல்லா சீட்டுலயும் சரியா மாட்டுதான்னு பாத்துத்தான் எடுப்பேன். ஞாயித்துக்கிழமை டெஸ்ட் டிரைவ் வண்டிய பள்ளத்தூருக்கே கொண்டாரச் சொல்லிருக்கேன். அப்பச்சி கையாலேயே கொட்டகைக்குள்ள விட்டு வெளிய எடுத்துப் பாக்கட்டும், அப்பத்தா முகப்புலேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் வந்து எழுதுறேன்.